எல்லைக்கல்லில் நின்றுவிடும் ரத்தம்

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. பல பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்களின் பெயர்களும் உண்டு. கேப்மாரி என்பதற்கு அருகே காஞ்சிபுரம், திருவள்ளூர், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி. மறவர் என்பதற்கு அருகே தென்மாவட்டங்களும் தஞ்சைப் பகுதியும். மற்ற மாவட்டத்து மறவர்கள் வேறு பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். இன்றைக்கு இது இடஒதுக்கீட்டுக்கான பட்டியல், அதனால் நன்மை உண்டு. ஆனால் அந்த அடைப்புக்குறிகள் இடஒதுக்கீட்டுக்காகப் பிறந்தவை அல்ல. எந்தச் சாதியை எந்த மாவட்டத்தில் வெள்ளைக்காரன் ‘குற்றப் பரம்பரை’ என்று அறிவித்தானோ அந்த அறிவிப்பின் தழும்பு அது.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானபோது அடைப்புக்குறிக்குள்ளும் இரண்டு பெயர்கள் வந்தன. 2018இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூரிலிருந்து பிரிக்கப்பட்டுச் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே தங்கிவிட்டன. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இரண்டே இரண்டு ரயில் நிலையங்கள்தான், திருமுல்லைவாயலும் அண்ணனூரும். குற்றம் ரத்தத்தில் ஊறியது என்று சொன்ன கோட்பாட்டை எடைபோட வேண்டுமானால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். மாவட்ட எல்லைக்கல்லைக் கண்டதும் நின்றுவிடுகிற ரத்தம் எப்படிப்பட்ட ரத்தம்?

கோட்பாட்டை அதன் வலுவான வடிவத்தில் முதலில் வைத்துவிடுவதுதான் முறை. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புரோசோ 1870 வாக்கில் வில்லெல்லா என்ற கலாப்ரியாக்காரத் திருடனின் மண்டையோட்டை ஆராய்ந்தார். பின்மண்டையின் அடியில் மனிதர்களிடம் அபூர்வமாகவே காணப்படும் ஒரு குழிவு இருந்தது. கீழ்நிலை விலங்குகளிடம் இருப்பது இது என்று எண்ணிய அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தோன்றியது. குற்றவாளி என்பவன் நம் காலத்தில் பிறந்துவிட்ட ஆதிமனிதன். பரிணாமத்தில் பின்னோக்கி விழுந்தவன். அவன் உடம்பே அதைக் காட்டிக்கொடுக்கும். துருத்திய தாடை, பெரிய காதுகள், சரிந்த நெற்றி, நீண்ட கைகள், வலி உறைக்காத தோல். 1876இல் வந்த அவருடைய நூல் ஐந்து பதிப்புகள் கண்டு, இருபதாண்டுகளில் பல தொகுதிகளாகப் பெருத்தது.

நம்மவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. சாமுத்திரிகா லட்சணம் படித்தவர்களும் படிக்காதவர்களும் ‘ஆளைப் பார்த்தாலே தெரியுது, திருட்டு முழி’ என்று சொல்லிவந்த ஊர் இது. லொம்புரோசோ அந்த முழியை அளவுகோலால் அளந்தார், அட்டவணை போட்டார். அதற்கு அறிவியல் என்று பெயர் கிடைத்தது.

அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். அவருக்கு முன்னால் ஐரோப்பியச் சட்டச் சிந்தனை குற்றத்தைப் பார்த்தது, செய்தவனைப் பார்க்கவில்லை. இந்தச் செயலுக்கு இவ்வளவு தண்டனை என்பதோடு அதன் கணக்கு முடிந்தது. சிறைக்குள் போய் ஆளைப் பார், அவன் உடம்பையும் வாழ்க்கையையும் பதிவு செய் என்று சொன்னது லொம்புரோசோ. பிற்காலத்தில் பிறவிக் குற்றவாளிகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று இறங்கிவந்தார். தட்பவெப்பம், தானிய விலை, கல்வி என்று வேறு காரணங்களையும் எழுதினார். கேள்வியைத் தொடங்கிவைத்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

விடையில்தான் கோளாறு. ஒப்பிடுவதற்கு வெளியே ஆள் இல்லாமல் சிறைக்குள் இருப்பவனை மட்டும் அளந்தால் எதுவும் நிரூபணமாகாது. 1889இல் பாரிசில் கூடிய குற்ற மானுடவியல் மாநாட்டில் எழுந்த கேள்வியும் இதுதான்: நூறு குற்றவாளிகளையும் நூறு யோக்கியர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டுங்கள். குழு அமைத்தார்கள்; வேலை நடக்கவில்லை. அதைக் கடைசியில் செய்தவர் இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங். ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் துணையோடு, படைவீரர்களோடும் பல்கலைக்கழக மாணவர்களோடும் ஒப்பிட்டார். 1913இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே கதையை முடித்துவிடுகின்றன. கோரிங்கின் நூலை அதன் கடைசிவரை தொடர்ந்தால் வேறொன்று தெரியும். கைதிகள் உயரத்திலும் எடையிலும் சற்றுக் குறைந்தவர்கள், அறிவிலும் குறைந்தவர்கள், அந்தக் குறை பரம்பரையாக வருவது என்றும் அவர் எழுதினார். அறிவை எப்படி அளந்தார்? சோதனை எதுவும் வைக்கவில்லை. தம் மனத்தில் பட்டதை வைத்து மதிப்பிட்டார். மண்டையோட்டை வாசல் வழியாக வெளியேற்றியவர் மூளையைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே விட்டார். உயரமும் எடையும் குறைந்தவன் பசியில் வளர்ந்தவனாக இருக்கலாம், எளிதில் பிடிபடுகிறவனாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அவரை அதிகம் உறுத்தவில்லை. சிறையில் இருப்பது குற்றம் செய்தவர்களின் கூட்டம் அல்ல, பிடிபட்டவர்களின் கூட்டம். இந்தக் கோட்பாடுகள் எல்லாவற்றிலும் உள்ள பெரிய ஓட்டை இதுதான். அதை முழுதாக அடைக்க யாராலும் இன்றுவரை முடியவில்லை.

இனி சென்னை மாகாணத்துக்கு வருவோம். இங்கே காலவரிசையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. லொம்புரோசோவின் நூல் 1876இல். மருந்துக்கு முன்பே நோயைக் கண்டுபிடித்த கதை அல்ல இது; நோயின் பெயர் வருவதற்கு முன்பே ஊசி போட்டுவிட்ட கதை. லொம்புரோசோவின் அறிவியல் இந்தியாவுக்கு வந்து நம் மக்களைக் குற்றப் பரம்பரை ஆக்கிற்று என்று சொல்வது எளிது, நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அது உண்மையல்ல. 1871இல் அதிகாரிகள் பேசியது மண்டையோட்டை அல்ல, சாதியை. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அப்படியானால் திருட்டையே தொழிலாகக் கொண்ட சாதியும் இருக்கத்தானே வேண்டும் என்பதுதான் அவர்களின் வாதம். நம் சமூகத்தின் தர்க்கத்தையே எடுத்து நம்மில் கடைசிப் படியில் இருந்தவர்கள் மேல் திருப்பினார்கள். இந்த வாதத்தை மறுக்க நம் மேல்தட்டுக்கு அவசரம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் நூலில் சென்னை மாகாண ஆவணங்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். இங்கே ‘பரம்பரை’ என்று அதிகாரிகள் சொன்னது பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் பழக்கத்தைத்தான், உடம்பில் இறங்கும் ஒன்றை அல்ல. அவர் முன்வைக்கும் காரணவிளக்கம் எந்த மண்டையோட்டையும்விட எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. குறவர்கள் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே திரிந்த வணிகர்கள். அரசு உப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ரயில் வந்தது, பொதிமாடு தோற்றது. வனச் சட்டம் மேய்ச்சலையும் கூடைக்கான மூங்கிலையும் எட்டாததாக்கியது. நடுவே 1876-78இன் தாது வருஷப் பஞ்சம். பிழைப்புப் போனது; திரிவது மட்டும் மிஞ்சியது. வேலை இல்லாமல் திரிகிறவன் காவல்துறைக் கண்ணுக்கு என்னவாகத் தெரிவான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1892இல் முல்லாலி என்ற காவல் அதிகாரி சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பார் பற்றிய கையேடு ஒன்றைத் தொகுத்தார். அதில் கேப்மாரிகளுக்குத் தனி இயல் உண்டு. ஒரு சமூகத்தின் பெயர் காவல் கையேட்டுக்குப் போய், அங்கிருந்து தெருவுக்கு வந்து, சென்னையில் யார் யாரை வேண்டுமானாலும் திட்டுகிற வசவாகிவிட்டது. 2019இல் அதைத் தலைப்பாக வைத்து ஒரு படமே வந்தது.

உடம்பை அளக்கும் வேலை எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கவையுமாக மாகாணம் முழுக்கச் சுற்றினார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்துச் சாதிகளை வரிசைப்படுத்தினார். காவல் அதிகாரிகளுக்கு உடலளவை பற்றிப் பாடமும் நடத்தினார். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றின் முன்னுரையில் அவரே வேடிக்கையாகச் சொல்லும் சில சம்பவங்கள் உண்டு. வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருப்படிகளைப் பொறுக்கிப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று நம்பினார்களாம். நீலகிரியில் ஏதோ பழைய சில்லறைக் குற்றத்துக்காகத் தேடப்பட்ட இருளர் ஒருவர் அளவுக்கு வந்தவர், உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். அது தூக்குமரம் என்பது அவர் கட்சி.

தர்ஸ்டன் அதை அறியாமை என்று சிரிப்பதற்காகத்தான் எழுதினார். எனக்கென்னவோ அந்த இருளர் மானுடவியலைச் சரியாகவே புரிந்துகொண்டார் என்று படுகிறது. அளப்பவரும் பிடிப்பவரும் ஒரே கச்சேரியிலிருந்து வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது ஊகமும் அல்ல. தர்ஸ்டனுக்குக் குறிப்புகள் தந்தவர்களில் ஃபாசெட் என்பவர் காவல் கண்காணிப்பாளர். அவரே சாதிகளை அளந்து கட்டுரை எழுதியவர். ஏழு தொகுதிகளில் குறவர் பற்றிய நெடிய பகுதியில் கனமாக இருப்பது என்ன? கன்னம் வைப்பது எப்படி, சகுனம் பார்ப்பது எப்படி, மாறுவேடம் எப்படி. எல்லாம் காவல்நிலையத்து ஞானம். குற்றத்தை மண்டையோட்டில் தேடியவர்கள் கடைசியில் எழுதிவைத்தது கற்றுக்கொண்டு செய்யும் கைப்பழக்கங்களின் பட்டியலைத்தான். கன்னக்கோலைப் பிடிக்கிற விதம் எந்தப் பிள்ளைக்கும் கருவிலே வராது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்றுதான் மதுரைப் பக்கம் சொல்வார்கள். பெயரைப் பதிந்து பத்துவிரல் ரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவல்நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். குற்றம் செய்திருக்க வேண்டிய அவசியமில்லை, பிறந்திருந்தால் போதும். அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று 1871 சட்டமே வாயை அடைத்திருந்தது. 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர்கள்மீது காவல்துறை சுட்டது. 16 பேர் செத்தார்கள்.

இந்த ஆட்சிமுறையின் உள்ளே ஒரு முரண் இருந்தது. குற்றம் பிறவியிலேயே இருக்கிறது என்றால் அவர்களைத் திருத்த முடியாது. ஆனால் அரசு அதே மக்களைத் திருத்தவென்று குடியிருப்புகள் கட்டியது. இரட்சணிய சேனை குண்டூர் பகுதியில் ஸ்டூவர்ட்புரத்தை நடத்தியது. மதுரையில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்தன. குடியிருப்பிலிருந்தவர்கள் வயலுக்கும் கல்லுடைக்கும் இடத்துக்கும் ஆலைக்கும் மலிவான கைகளானார்கள். நான்கு வயது முதல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் 1897இன் திருத்தம் வழிவிட்டிருந்தது. வளர்ப்பை மாற்றினால் பிள்ளை மாறும் என்று நம்பாமல் யாரும் பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். ஆக, சுவடியில் பிறவி என்று எழுதியவர்கள் நடைமுறையில் வளர்ப்பு என்றுதான் நம்பினார்கள். பிறவி என்ற வாதம் ஒரே ஒரு வேலைக்குப் பயன்பட்டது: விசாரணை வேண்டாம் என்று சொல்ல.

இதுவரை எனக்குச் சாதகமானவற்றை மட்டும் பேசியிருக்கிறேன் என்று நினைப்பவர்களுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை எடுக்கிறேன். 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினராக இருந்த சுதர்சனத்தைக் கொள்ளையர்கள் வீடு புகுந்து கொன்றார்கள். லாரிகளில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடுகளைக் குறிவைத்து, சில ஆண்டுகளாகவே தமிழகத்தில் கொன்று கொள்ளையடித்து வந்த வட இந்தியக் கும்பலின் வேலை அது. காவல் அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடக்கே போய் ஆட்களைப் பிடித்தது. அவர்கள் பவாரியாக்கள், அதாவது இதே குற்றப் பரம்பரைச் சட்டத்தில் வடக்கே அறிவிக்கப்பட்டிருந்த சமூகத்தார். 2017இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ அந்தக் கதைதான். படம் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு, அப்போது வெள்ளைக்காரன் சொன்னதில் ஏதோ இருக்கிறதே என்று தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான்; தட்டிக்கழிக்கக் கூடாது.

பதில் அந்த வழக்கின் துப்பிலேயே இருக்கிறது. சம்பவ இடங்களில் கிடைத்த கைரேகைகளை வடமாநிலச் சிறை, காவல் ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் ஆட்களை நெருங்கினார்கள். கைரேகை சாதியைச் சொல்லாது, தகப்பனைச் சொல்லாது. உலகத்தில் ஒரே ஒருவனைச் சொல்லும். குற்றவாளியை அடையாளம் காண்பதற்காக உடம்பை அளப்பது ஒன்று. அவன் ஏன் குற்றவாளியானான் என்று சொல்வதற்காக உடம்பை அளப்பது முற்றிலும் வேறு. பிரெஞ்சுக்காரர் பெர்த்தியோனும் கல்கத்தாவில் ரேகைகளை வகைப்படுத்திய அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரும் முதல் வேலையைச் செய்தார்கள், அது நிலைத்துவிட்டது. லொம்புரோசோ இரண்டாவதைச் செய்தார், அது விழுந்துவிட்டது. ஒரு கும்பல் ஒரு சாதியிலிருந்து வந்தது என்பதால் அந்தச் சாதி கும்பலாகிவிடாது. கும்பலுக்குள் கொலைத்தொழில் சொந்தக்காரர்கள் வழியாகக் கைமாறலாம். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்கிற எந்தத் திருட்டுத் தொழிலும் சொந்தத்துக்குள்தான் சுற்றும். வங்கியை மொட்டையடித்த தொழிலதிபர் குடும்பங்களிலும் அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும்தான் இருக்கிறார்கள். அவர்கள் மண்டையை யாரும் அளந்ததில்லை.

பின்னால் வந்த உயிரியல் இவ்வளவு முரட்டுத்தனமானது அல்ல, அதையும் நிறுத்துப் பார்க்கலாம். 1965இல் ஸ்காட்லாந்தின் பாதுகாப்பு மருத்துவமனை ஒன்றில் கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் கொண்ட ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதாகப் பாட்ரிசியா ஜேக்கப்ஸ் குழு கண்டது. உலகப் பத்திரிகைகள் கொலைகாரக் குரோமோசோம் கிடைத்துவிட்டதாகக் குதித்தன. ஆனால் அதுவும் மருத்துவமனைக்குள் மட்டும் தேடிய ஆய்வு. வெளியிலிருந்து தொடங்கியது 1976இல் வந்த டென்மார்க் ஆய்வு. உயரமான 4139 ஆண்களைச் சோதித்ததில் அந்தக் குரோமோசோம் இருந்தவர்கள் 12 பேர். அவர்களில் ஐவர்மீது தண்டனைப் பதிவு இருந்தது. சாதாரண ஆண்களிடம் அது நூற்றுக்கு ஒன்பது. வித்தியாசம் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள், வன்முறை இல்லை. அறிவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தது அதிகம் பிடிபடுவதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பிடிபட்டவர்கள் என்ற பழைய ஓட்டை மறுபடி எட்டிப்பார்க்கிறது.

1993இல் ஒரு டச்சுக் குடும்பத்தின் ஆண்களிடம் மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் ஒரு நொதிக்கான மரபணு பழுதாகியிருந்ததும் அவர்களிடம் முரட்டு நடத்தை இருந்ததும் தெரியவந்தது. 2002இல் நியூசிலாந்தில் பிறப்பு முதல் பின்தொடரப்பட்ட பிள்ளைகளை வைத்து வெளிவந்த ஆய்வு, அதே மரபணு மந்தமாக வேலை செய்யும் பையன்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் பிற்காலத்து வன்முறை தூக்கலாக இருந்ததாகச் சொன்னது. உயிரியலுக்கு இடமே இல்லை என்று நான் வாதிடவில்லை. தனி ஆளிடம், சில நேரம், சிறிதளவு, சூழல் கைகொடுத்தால் என்ற நான்கு நிபந்தனைகளோடு அது நிற்கிறது. ‘சமூகம்’ என்ற சொல் வந்த உடனே அந்த நான்கும் கழன்றுவிடுகின்றன. சாதி என்பது மரபணு வகையல்ல. குற்றம் என்பதும் சட்டமன்றம் வரையறுப்பது. கள் இறக்குவது ஒரு ஆண்டு குற்றம், இன்னொரு ஆண்டு தொழில். எந்த நொதிக்கும் அரசிதழ் படிக்கத் தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பகுதியாக வருகிறது. அறிவியல் என்ற முறையில் ஆரம்பகால உயிரியல் குற்றவியல் தோற்றது. ஒப்பீடு, அளவை, காரணவிளக்கம் மூன்றிலும் தோற்றது. ஆட்சிக் கருவி என்ற முறையில் அது தோற்கவே இல்லை. ஏனென்றால் இந்த மாகாணத்தில் கருவியை இயக்கியது அந்த அறிவியல் அல்ல. அதனால்தான் லொம்புரோசோவை எத்தனை முறை மறுத்தாலும் காவல்நிலையத்தில் எதுவும் மாறுவதில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னையில் 1947இல் ஒழிந்தது. நாடு முழுக்க 1952இல். ஆனால் சென்னையில் அது ஒழிந்த மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே வந்துவிட்டது. சாதிக்குப் பதில் ஆளைச் சொல்கிறது என்பதால் இது முன்னேற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளின் பழைய பதிவை எழுதியது யார்? பதிவு பதிவைப் பெறும் என்பதற்குக் கம்மாபுரம் காவல்நிலையம் சாட்சி. 1993இல் ஒரு வீட்டு நகைத்திருட்டைச் சாக்கிட்டு முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைப் பிடித்துப்போய் காவல்நிலையத்தில் அடித்துக் கொன்றார்கள். வழக்கறிஞர் சந்துரு வழக்காடினார், காவலர்களுக்கான தண்டனை உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 2006 ஆயிற்று. ‘ஜெய் பீம்’ படம் அந்தக் குடும்பத்தை இருளராகக் காட்டியது.

ஒரு சமூகத்தை இன்னொன்றாகக் காட்டி அந்தப் படம் செய்ததைச் சென்னையின் மேற்குப் புறநகர் தினமும் செய்கிறது. ஆவடி பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் பேசுவது வாக்ரிபோலி. குறவர்களோடு அவர்களுக்கு மொழியிலும் மரபிலும் சம்பந்தமில்லை. பெயர் ஒட்டிக்கொண்டதில் குறவர் அமைப்புகளுக்கே வருத்தம் உண்டு. நகை காணாமல் போகிற அன்றைக்கு இந்த வித்தியாசம் எல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்குப் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். மறு ஆண்டு ஜனவரியில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது சட்டமானது. இரண்டும் நல்ல காரியங்கள். சான்றிதழ் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கும், காவல்நிலையத்துப் பதிவேட்டை அது தொடாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கின்றன. தொழிற்பேட்டைகளும் வடமாநிலத் தொழிலாளர் அறைகளும் நிறைந்த இந்தப் பகுதியில், ‘இவங்க ஊர்க்காரங்களே அப்படித்தான்’ என்ற பேச்சைப் புதிதாக வந்தவர்கள்மேல் கேட்பது அபூர்வமல்ல. தமிழகக் காவல்துறை 2021 முதல் முகத்தை அடையாளம் காணும் செயலியைப் பயன்படுத்துகிறது. நாடாளுமன்றம் 2022இல் நிறைவேற்றிய அடையாளச் சட்டம் கைரேகையோடு கருவிழி, உயிரியல் மாதிரிகள், கையெழுத்து போன்ற நடத்தைக் கூறுகள் வரை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. முதல்முறை பிடிபட்டு விடுதலையானவரின் பதிவை, நீதிமன்றம் வேறு சொன்னாலொழிய, அழித்துவிட வேண்டும் என்ற விலக்கும் அதில் உண்டு. ஒருமுறை சில்லறை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அந்த விலக்கு இல்லை. பதினெட்டு வயதில் தண்டனை பெற்று ரேகை கொடுத்தவனுக்குப் பதிவு அழியும்போது தொண்ணூற்று மூன்று வயது. இவை அடையாளம் காணும் கருவிகள், அந்த அளவில் எனக்கு எதிர்ப்பில்லை. யாரைச் சந்தேகிப்பது என்பதை இவையே சொல்லத் தொடங்கும் நாளில் தர்ஸ்டனின் கவை திரும்பி வந்துவிடும்.

2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல்துறையின் சரித்திரப் பதிவேடுகளில் பின்தங்கிய, சீர்மரபுச் சமூகத்தாரின் பெயர்கள் இயந்திரத்தனமாக ஏற்றப்படுவது பற்றித் தானாகவே கவலை தெரிவித்தது. மூத்த அதிகாரி ஒருவர் அந்தப் பதிவேடுகளை அவ்வப்போது தணிக்கை செய்யும் முறையை எல்லா மாநிலங்களும் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தபோது, ‘வழக்கமான குற்றவாளி’ என்ற வகையே சீர்மரபினரைக் குறிவைக்கப் பயன்படுவதைச் சுட்டியது. தணிக்கை செய்பவர் கேட்க வேண்டியது எளிய கேள்வி. இந்தப் பெயர் எந்தத் தீர்ப்பின் பேரில் பதிவேட்டில் ஏறியது? தீர்ப்பு எண் எழுதாத ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டுப் பார்த்தால் ஆவடியில் எத்தனை பெயர் மிஞ்சும், யார் யார் பெயர் மிஞ்சும் என்று எண்ணி அதை வெளியிடலாம்.